செவித்திறன் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு: எங்கே, எப்படி, எவ்வளவு

கண் பரிசோதனைக்கு எங்கே போவது என்று கேட்டால் தெருவில் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். காதுக்கு எங்கே போவது என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'காது மெஷின் விற்கிற கடைக்கு' என்பதுதான். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. என் அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். முப்பது வருஷத்துக்கு மேல் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டியவர். அவரைக் கூட்டிக்கொண்டு கடை, கிளினிக், அரசு மருத்துவமனை, மாவட்ட அலுவலகம் என்று அலைந்த பிறகு புரிந்தது இதுதான்: வரிசை முக்கியம். முதலில் காது டாக்டர், அடுத்து பரிசோதனை, மெஷின் கடைசியில். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், நாளும் போகும்.

தமிழ்நாட்டை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கட்டணங்கள் நான் விசாரித்த இடங்களில் சொன்னவை. ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும்.

1. யார், எப்போது போக வேண்டும்

காது கேட்கவில்லை என்பது கடைசியாகத் தெரியவருவது அந்தக் காதுக்கு உரியவருக்குத்தான். "எனக்கு நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளேயே பேசுறீங்க" என்று அப்பா சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. வயதாகும்போது முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகள். பேச்சின் சத்தம் காதில் விழும், சொல் மட்டும் தெளியாது. அதனால் எதிரில் இருப்பவர் முணுமுணுக்கிறார் என்றே தோன்றும்.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை 50 வயதில் தொடங்குகிறது. 64 வயது வரை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, 65க்கு மேல் ஒன்று முதல் மூன்று வருஷத்துக்குள் ஒரு முறை. கீழே இருப்பவர்கள் வயதைப் பார்க்காமல் போகலாம்:

- விசைத்தறி, லேத், ஜெனரேட்டர், மேளம், டிஜே என்று சத்தத்தோடு வேலை செய்பவர்கள். வருஷத்துக்கு ஒரு முறை.
- சர்க்கரை நோய் உள்ளவர்கள்.
- ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோ, புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டினோ போடப்போகிறவர்கள். இவை காதைப் பாதிக்கக்கூடிய மருந்துகள். சிகிச்சை தொடங்கும் முன் ஒரு பரிசோதனை எடுத்து வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.
- காதில் 'ஙொய்ங்' என்ற இரைச்சல் விடாமல் கேட்பவர்கள்.

பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை. பிரசவமான ஆஸ்பத்திரியிலேயே 'ஓஏஇ எடுத்தாச்சா?' என்று கேளுங்கள். குழந்தை தூங்கும்போது காதில் சிறு முனையை வைத்துச் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். அதில் தேறாவிட்டால் மறுபடி ஒரு முறை எடுப்பார்கள், தேவைப்பட்டால் பெரா என்ற சோதனைக்கு (ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) அனுப்புவார்கள். முதல் முறை தேறவில்லை என்றதும் பதற வேண்டாம். பிறந்த புதிதில் காதுக்குள் இருக்கும் அழுக்கும் நீரும்கூட அப்படிக் காட்டும். ஆனால் மறுசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். அரசுப் பக்கத்தில் இதற்கென்று மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் பொருத்தும் கருவி) தேவைப்படும் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை உண்டு. தாமதத்தின் விலை அங்கேதான் மிக அதிகம்.

பெரியவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடு வயதில் கவனிக்காமல் விட்ட கேள்விக் குறைபாட்டை, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக, லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017, 2020, 2024 ஆகிய மூன்று அறிக்கைகளிலும் பட்டியலிட்டிருக்கிறது. 'வயசாச்சு, போகட்டும்' என்று வீட்டில் சொல்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த ஒரே வாதம் இதுதான்.

2. இதற்கு மட்டும் அப்பாயின்ட்மென்ட் பார்க்காதீர்கள்

ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ அடைத்துப்போய்க் கேட்காமல் போனால், அது அவசரம். சளி, தண்ணீர் புகுந்திருக்கும், அழுக்கு என்று சொட்டு மருந்து விட்டு வாரக் கணக்கில் காத்திருப்பார்கள். காரணம் உள்காது நரம்பாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டினால் பலன் குறைந்துகொண்டே போகும். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையில், காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிடுங்கள். காதிலிருந்து சீழ், ரத்தம், கூடவே தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது என்றாலும் அப்படியே.

3. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

மூன்று வழி இருக்கிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எல்லாவற்றிலும் நம்பகமானது, செலவில்லாதது, நேரம் பிடிப்பது. காலையில் ஓ.பி. சீட்டு போட்டு இஎன்டி பிரிவுக்குப் போக வேண்டும். டாக்டர் காதைப் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு சத்தத்தில் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) எடுக்கும் அறைக்குப் போக முடியும். அன்றைக்கே எடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம். வேறு தேதி கொடுப்பது சகஜம். அந்தத் தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் காது மூக்கு தொண்டைக்கென்றே பெரிய பிரிவு இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும் முன், அங்கே ஆடியோமீட்டர் என்ற சோதனைக் கருவியும் அதை இயக்க ஆளும் இருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். டாக்டர் இருப்பார், கருவி இருக்காது. கருவி இருக்கும், இயக்குபவர் வாரத்தில் சில நாள்தான் வருவார்.

தனியார் இஎன்டி கிளினிக். டாக்டர் ஃபீஸ் 300 முதல் 600 வரை, ப்யூர் டோன் ஆடியோகிராம் 400 முதல் 800 வரை, டிம்பனோமெட்ரி (செவிப்பறை, நடுக்காதுச் சோதனை) 300 முதல் 600 வரை. அழுக்கு எடுக்கத் தனியாக வாங்குவார்கள். அது நீங்கலாக 2,000 ரூபாய் கையில் இருந்தால் ஒரே காலையில் முடிந்துவிடும்.

மூன்றாவது, 'இலவச செவித்திறன் பரிசோதனை' என்று பலகை வைத்திருக்கும் ஹியரிங் எய்ட் கடை. எல்லாக் கடைகளையும் குறை சொல்ல மாட்டேன். முறையாகப் படித்த ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) உட்கார்ந்திருக்கும் கடைகளும் உண்டு. ஆனால் நாங்கள் முதலில் போன இடத்தில் காதுக்குள் லைட் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஹாரன் அலறுகிறது. ஹெட்போனை மாட்டி ஐந்து நிமிடத்தில், "ஐயாவுக்கு ரெண்டு காதுக்கும் போட்டாகணும், இன்னிக்கே புக் பண்ணா ஆஃபர் இருக்கு" என்றார்கள். அப்புறம் டாக்டரிடம் போனபோது அப்பாவின் வலது காதிலிருந்து கெட்டிப்பட்ட குறும்பி கொத்தாக வந்தது. அது வெளியே வந்த பிறகு எடுத்த ஆடியோகிராம் கடைக்காரர் காட்டியதைவிட எவ்வளவோ மேல்.

கடை, கிளினிக் எதுவானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, சோதனை செய்பவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தவரா? பதிவு எண்ணைச் சொல்ல யாரும் தயங்கத் தேவையில்லை. இரண்டு, ஒலி புகாத அறை இருக்கிறதா?

4. போவதற்கு முன்

எடுத்துப் போக வேண்டியவை:

- ஆதார் அட்டை, அதன் நகல். பிறகு மாற்றுத்திறனாளி சான்றிதழ் தேவைப்படலாம் என்று தோன்றினால் குடும்ப அட்டை நகலும்.
- சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு. பழைய ஆபரேஷன், டிபி சிகிச்சை எடுத்தது எல்லாம் இதில் சேரும்.
- பழைய ஆடியோகிராம் எதுவும் இருந்தால் அது. மங்கலாக இருந்தாலும் சரி.
- இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தொழிற்சாலைச் சத்தத்தால் வரும் கேள்விக் குறைபாடு, சட்டப்படி தெரிவிக்க வேண்டிய நோயாக இருக்கிறது. இ.எஸ்.ஐ. திட்டத்திலும் தொழில்சார் நோய்தான். எத்தனை வருஷம், எந்த இயந்திரத்தின் பக்கத்தில் வேலை என்று டாக்டரிடம் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சோதனைக்கு முந்தைய இரவு கல்யாண மேளம், பட்டாசு, இரவு ஷிப்ட் எதுவும் வேண்டாம். பலத்த சத்தத்துக்குப் பிறகு காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும். குறைந்தது 16 மணி நேரமாவது அமைதியாக இருந்துவிட்டுப் போனால்தான் உண்மையான அளவு வரும். சளி பிடித்திருந்தால் தேதியைத் தள்ளிப் போடலாம்.

அழுக்கு விஷயத்தில் கை வைக்காதீர்கள். ஊக்கு, ஹேர்பின், பட்ஸ், காய்ச்சிய எண்ணெய், பஸ் ஸ்டாண்டில் காது சுத்தம் செய்பவர் எதுவும் வேண்டாம். பட்ஸ் குறும்பியை உள்ளேதான் தள்ளும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நேராக நடுக்காதுக்குள் போய்விடும். இளக்குவதற்குச் சொட்டு மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். நான்கைந்து நாள் சொட்டு விட்டு மறுபடி வரச் சொல்வார்கள், அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று ரிட்டர்ன் டிக்கெட் போட்டுவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

5. அறைக்குள் என்ன நடக்கும்

வலி இல்லை, ஊசி இல்லை, சாப்பிடாமல் போக வேண்டியதில்லை. கனத்த கதவு, உள்ளே ஒரு நாற்காலி, ஒரு சின்ன கண்ணாடி ஜன்னல். கதவைச் சாத்தியதும் நம் மூச்சே நமக்குக் கேட்கும். இதைப் பெரியவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள், சிலருக்குப் படபடப்பு வரும்.

ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு. கையில் ஒரு பொத்தான். 'பீப்' என்ற ஒலி வரும்; கேட்டால் அழுத்த வேண்டும். நன்றாகக் கேட்கும் காதில் தொடங்கி, வழக்கமாக 1000 ஹெர்ட்ஸில் (ஒலியின் சுருதி எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சொல்லும் அளவு) ஆரம்பித்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். கேட்காமல் போனதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். இப்படி 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை. எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தாலும் அழுத்த வேண்டும் என்பதுதான் முக்கியம். தெளிவாகக் கேட்டால்தான் அழுத்துவது என்று நிறைய பேர் காத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இல்லாத குறை காகிதத்தில் ஏறிவிடும்.

இதற்கு நேரெதிர் அப்பா. கண்ணாடி வழியாக அந்த ஆடியாலஜிஸ்ட் பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அசைந்தால் போதும், பொத்தானை அழுத்திவிடுவார். மூன்றாவது தடவை அந்தப் பெண் சும்மா கையை மட்டும் அசைத்துப் பார்த்தார், அப்பா அழுத்தினார். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, "ஐயா, இது பரிட்சை இல்ல" என்று நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மார்க் வாங்கும் பழக்கம் போகாது. நாற்காலி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தால் நீங்களே திருப்பச் சொல்லலாம்.

காதில் ஏற்கெனவே இரைச்சல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். விட்டுவிட்டு வரும் ஒலியாக மாற்றிக் கொடுப்பார்கள், குழப்பம் குறையும்.

அடுத்து காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் ஒரு சிறிய கருவியை வைப்பார்கள். இதுதான் எலும்பு வழிச் சோதனை. இதைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்கும் ஆடியோகிராம் அரைகுறை. ஹெட்போனில் கேட்காமல் எலும்பு வழியே நன்றாகக் கேட்டால், கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது, பல சமயம் மருந்திலோ அறுவை சிகிச்சையிலோ சரியாகும். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் உள்காது அல்லது நரம்பு. மெஷின் வேண்டுமா, ஆபரேஷன் வேண்டுமா என்பது இந்த ஒரு வித்தியாசத்தில்தான் தொங்குகிறது. சோதிக்கும்போது மற்ற காதில் 'ஷ்ஷ்' என்று ஓர் ஒலியை விடுவார்கள். அது அந்தக் காது குறுக்கே புகுந்து உதவாமல் இருக்க. அதைப் பொருட்படுத்தாமல் பீப்புக்கு மட்டும் அழுத்தினால் போதும்.

பிறகு பேச்சுச் சோதனை. சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைப்பார்கள். 'பாட்டு' என்றால் அப்பா 'பாக்கு' என்றார். தமிழில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலச் சொல் தெரியாததை எல்லாம் காது கேட்காததாகக் கணக்கு எழுதிவிடக் கூடாது. டிம்பனோமெட்ரி என்பது காதில் ரப்பர் முனை வைத்துக் காற்றழுத்தம் கொடுப்பது, ஒரு நிமிட வேலை. டைப் ஏ என்றால் சரி, பி என்றால் பெரும்பாலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர், சி என்றால் அழுத்தக் குறைவு.

எல்லாம் சேர்த்து அரை மணி, முக்கால் மணி நேரம்.

6. காகிதத்தைப் படிப்பது

டாக்டர் அறையில் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அதனால் கொஞ்சம் தெரிந்துகொண்டு போவது நல்லது. இடமிருந்து வலமாக ஹெர்ட்ஸ், மேலிருந்து கீழாக டெசிபல், அதாவது சத்தத்தின் அளவு. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே போகப் போகக் குறை அதிகம். 500, 1000, 2000, 4000 ஆகிய நான்கின் சராசரியைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவீட்டில் 20க்குக் கீழே இருந்தால் இயல்பு. 20 முதல் 35க்குள் லேசான குறை. 35 முதல் 50க்குள் நடுத்தரம். அதற்கு மேல் போகப் போகக் கடுமை. பல கிளினிக்குகள் 25 வரை இயல்பு என்ற பழைய கணக்கையே எழுதுகின்றன. இரண்டு இடத்தில் இரண்டு விதமாகச் சொன்னால் எண்ணைப் பாருங்கள், வார்த்தையை விடுங்கள்.

கோடு 4000 பக்கத்தில் மட்டும் குழி விழுந்து, 8000இல் மறுபடி மேலே ஏறினால் அது சத்தத்தால் வந்த சேதத்தின் அடையாளம். அப்பாவுக்கு அந்தக் குழி இரண்டு காதிலும் இருந்தது. இரண்டு காதுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரிந்தால் 'ஏன்?' என்று டாக்டரிடம் கேட்காமல் வெளியே வராதீர்கள். அதற்கு மேற்கொண்டு ஸ்கேன் தேவைப்படலாம்.

7. மெஷின் தேவை என்று சொன்னால்

இதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். இப்போதைக்குச் சில மட்டும். ஆடியோகிராமின் அசலை நீங்கள் வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள். வாங்குவதற்கு முன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க ட்ரையல் தருகிறார்களா என்று கேளுங்கள். ஹியரிங் எய்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, பில்லில் சேர்த்திருந்தால் கேள்வி கேளுங்கள். பேட்டரி எண் 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். கைநடுக்கம் உள்ளவர்களுக்குச் சின்ன பேட்டரி சரிவராது, அதனால் மாடலைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் பாருங்கள்.

8. சான்றிதழும் இலவசக் கருவியும்

இங்கேதான் வீணாக அலைபவர்கள் அதிகம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால் கேட்பதில் குறைபாடு உள்ளவர், இரண்டிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர். பெரும்பாலான உதவிகளுக்கு 40 சதவீதக் குறைபாடு தேவை. ஒரு காது முழுக்கக் கேட்கவில்லை, மறு காது நன்றாக இருக்கிறது என்றால் அந்த அளவு வராது. லேசான, நடுத்தரக் குறைக்கும் வராது. ஆடியோகிராமைப் பார்த்தே இதை முடிவு செய்துகொள்ளலாம், வரிசையில் நின்று தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

அளவு வரும் என்றால் யூ.டி.ஐ.டி. அட்டைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டைக்கு, ஸ்வாவ்லம்பன் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், புகைப்படம், கையொப்பம் அல்லது கைரேகை, முகவரிச் சான்று போதும். பிறகு அரசு மருத்துவமனை குழுவின் முன் நேரில் போக வேண்டும். தனியாரில் எடுத்த ஆடியோகிராமைக் காட்டினாலும் அரசு மருத்துவமனையில் மறுபடி எடுக்கச் சொல்லலாம். பெரா கேட்கவும் கூடும். விண்ணப்பித்த கையோடு ஆடியோகிராமுக்கும் தேதி வாங்கிவிட்டால் ஓர் அலைச்சல் மிச்சம்.

அட்டை வந்த பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதுக்குப் பின்னால் அணியும் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டமும் இருக்கிறது; அதற்கு வருமானச் சான்று வேண்டும், பெரியவர்கள் ஒரு முறை வாங்கினால் மூன்று வருஷம் கழித்துத்தான் அடுத்தது. 60 வயது தாண்டி, வறுமைக் கோட்டுக்குக் கீழோ மாதம் 15,000 ரூபாய்க்குள் வருமானமோ உள்ளவர்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்று தனித் திட்டம். அது வயதையும் வருமானத்தையும் வைத்து முகாம்களில் நடப்பது. முகாம் எப்போது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்து வையுங்கள்.

9. அடுத்த தேதி

முதல் ஆடியோகிராம் இயல்பு என்று வந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த தடவை ஒப்பிடுவதற்கு அதுதான் அடிப்படை. இரண்டு தடவைக்கு நடுவே 5 டெசிபல் வித்தியாசம் என்பது சோதனையிலேயே வரும் ஏற்ற இறக்கம். இரண்டு மூன்று அலைவரிசையில் 10க்கு மேல் இறங்கியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தவரை அதே இடத்தில், அதே அறையில் எடுங்கள். டிம்பனோமெட்ரியை ஏடிஎம் ரசீது மாதிரியான காகிதத்தில் அச்சடித்துத் தருவார்கள். வருஷத்துக்குள் வெளுத்துவிடும். அன்றைக்கே ஃபோனில் படம் எடுத்து, தேதி போட்டு வீட்டு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிடுங்கள்.